ரெண்டேமுக்கால்

ஜனவரி 6, திங்கள்

தமிழ்க் கடையில் இருபது பவுணுக்கு மேல் சாமான் வாங்கினால் டயரி இலவசம். இருபத்தொரு பவுணுக்கு வாங்கினேன். கடைக்காரத் தம்பி, "இதில என்னத்தை அக்கா எழுதப் போறியள்?" என்று கேட்டார். "உம்மட கடைக் கத்தரிக்காயில எத்தினை புழு எண்டு எழுதப் போறன்" என்றேன். பின்னால் வரிசையில் நின்ற சனம் எல்லாம் சிரித்தது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் தமிழ் எழுத்து வடிவாக வரும். "பரிமளத்தின்ர கையெழுத்து முத்து, வாய்தான் முள்ளு" என்று என் மனுசன் இருந்த காலத்தில் சொல்லுவார். அவர் போய் நாலு வருடம்.

முதல் நாளே எழுத விஷயம் கிடைத்துவிட்டது. பொயிலர் செத்துப் போனது. குசினிச் சுவரில் தொங்குகிற அந்தப் பெட்டி ஒன்றுதான் இந்த வீட்டுக்குச் சுடுதண்ணியும் தருகிறது, அறைகளுக்குச் சூடும் தருகிறது. காலையில் "டொக்" என்று ஒரு சத்தம், அதோடு சரி. மத்தியானம் வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாக வந்தது.

கேதீசுக்கு அடித்தேன். போன் வைத்த ஒரு மணித்தியாலத்தில் வந்துவிட்டார். காஸ் வேலையில் அவர் கெட்டிக்காரர். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இரண்டு வருடம் எங்கள் வீட்டுச் சின்ன அறையில்தான் படுத்தவர். அருள் அண்ணை, அருள் அண்ணை என்று என் மனுசனோடு பெற்றோல் ஷெட்டில் வேலை செய்துகொண்டே படித்து இந்தத் தொழிலுக்கு வந்தார். ஆள் கட்டை. நான் ஒரு நாளும் அதை விட்டு வைத்ததில்லை.

"ஏணி கொண்டு வந்தனீரோ தம்பி, இல்லாட்டி நான் தூக்கிப் பிடிக்கவோ?"

"நீங்கள் தூக்கினா பொயிலர் பயத்தில தானா எரியும் அக்கா."

மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்து, தலையை ஆட்டினார். "பத்தொன்பது வருசம் உழைச்சிட்டுது. உள்ளுக்கு வெடிச்சுப் போச்சு. இனித் திருத்திப் பிரயோசனம் இல்லை, புதுசுதான் போட வேணும்."

மகள் துஷாவுக்குப் பெப்ரவரி நடுவில் திகதி. முதல் பிள்ளை. கார்டிஃபில் இருந்து இங்கே வந்து பிள்ளை பெற்ற முப்பத்தொரு நாளும் நிற்கப் போகிறாள். அவளுக்கு இலை குழை அவித்த வேதுத் தண்ணி வார்க்க வேண்டும், குழந்தைக்குக் குளிக்க வார்க்க வேண்டும், சின்ன அறை கதகதப்பாக இருக்க வேண்டும். அந்த அறை ரேடியேட்டர் வேறு அவர் இருக்கும்போதே பழுது.

"எவ்வளவு வரும்?" என்றேன்.

"வடிவா அளந்து எழுதித் தாறன். பெரிய வேலை. துஷாவுக்கும் காட்டுங்கோ."

புட்டும் மீன் குழம்பும் வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு ஒக்டோபரும் வந்து பொயிலரைத் துப்புரவாக்கித் தருவார். அதற்கு இதுதான் கூலி. ஒரு நாளும் அவர் விலை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. போகும்போது வான் வண்டியில் இருந்து இரண்டு கரண்ட் ஹீற்றர் இறக்கி வைத்துவிட்டுப் போனார். தன் வீட்டில் இருந்து கொண்டு வந்தவையாம்.

ஜனவரி 8, புதன்

கேதீஸ் விலைத்தாள் கொண்டு வந்தார். இரண்டு பக்கம், எல்லாம் இங்கிலீசில் டைப் அடித்தது. கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன். தாளைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்துப் பார்த்தேன். கடைசியில் தடித்த எழுத்தில் 2,750.

"என்ன தம்பி, பொயிலர் பூட்டப் போறீரோ, பொயிலருக்குச் சீதனம் குடுக்கப் போறீரோ?"

அவர் சிரிக்கவில்லை. "எல்லாம் ஒவ்வொண்டா எழுதியிருக்கு அக்கா. வாசிச்சுப் பாருங்கோ."

"வாசிச்சிட்டன்."

"முழுக்கவோ?"

"ஓம் ஓம், முழுக்க."

கொஞ்ச நேரம் நின்றார். நான் ஏதோ சொல்லுவேன் என்று பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. தேத்தண்ணியும் குடிக்காமல் போனார். போன பிறகு பார்த்தால் கண்ணாடி என் கழுத்தில் தொங்குகிறது.

தாளை மடித்து மிளகாய்த்தூள் டின்னுக்குக் கீழே வைத்தேன். துஷாவிடம் காட்டவில்லை. மாதம் நிறைந்த பிள்ளையை எதற்குக் கரைச்சல் படுத்த வேண்டும்? அதோடு, காட்டினால் பழைய கதையைத் தொடங்குவாள். போன வருடம் என்னை இங்கிலீசு வகுப்பில் சேர்த்துவிட்டவள். மூன்று நாள் போனேன். டீச்சர் நடக்கிற மாதிரி நடந்து காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு நின்றுவிட்டேன். இந்த வயதில் எனக்கு என்ன இங்கிலீசு? தாள் கடிதம் எல்லாம் என் மனுசன் இருக்கும் வரைக்கும் அவரே பார்த்துக்கொண்டார்.

ஜனவரி 10, வெள்ளி

கோயிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டினோம். பத்துப் பெண்கள், பத்துக் கத்தி, ஒரே குளிர். பவளக்கா கேட்டா, "உன்ர பொயிலர் என்னடி மாதிரி?"

"கேதீசிட்ட விலை கேட்டன் அக்கா. ஆள் மூண்டடி, விலை ரெண்டேமுக்கால்."

"ரெண்டேமுக்கால் என்ன?"

"ஆயிரம்!"

பவளக்கா பூசணிக்காயை விட்டுவிட்டுச் சிரித்தா. சிரிப்பு ஓய்கிற நேரம் பார்த்துக் கேதீஸ் மண்டபத்துக் குழாய் பார்க்க உள்ளே வந்தார். யாரோ ஒருத்தி, "இஞ்ச, ரெண்டேமுக்கால் வாறார்" என்றாள். திரும்பவும் எல்லாரும் சிரித்தார்கள்.

அவரும் சிரித்தார். சிரித்த மாதிரித்தான் இருந்தது.

ஜனவரி 13, திங்கள்

கதவுக்குள் விழுந்த விளம்பரத் தாளில் இருந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு வெள்ளைக்காரத் தம்பி வந்தான். டெரன் என்று பெயர். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. பொயிலரை ஐந்து நிமிடம் பார்த்தான், என் தேத்தண்ணியை இருபது நிமிடம் பார்த்தான். கல்குலேட்டரில் அடித்துக் காட்டினான். 2,100. நான் கேதீஸின் தாளைத் தூக்கிக் காட்டி, கையால் "வேறு ஆள், வேறு ஆள்" என்று சொல்லி, தலையை ஆட்டி, மூஞ்சையை நீட்டி, 1,950க்கு இறக்கிவிட்டேன். எங்கள் ஊர்த் திருநெல்வேலிச் சந்தையில் படித்த படிப்பு வீண் போகவில்லை.

ஆனாலும் முதலில் நம்முடைய ஆளுக்குத்தானே ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்? கேதீசுக்கு அடித்தேன்.

"வெள்ளைக்காரன் ஆயிரத்துத் தொளாயிரத்தைம்பதுக்குச் செய்யிறானாம். நீர் எவ்வளவு குறைப்பீர்?"

"இதுக்குக் கீழ நான் எங்க அக்கா போறது? நீங்கள் தாளை வாசிச்சனீங்கள்தானே?" என்றார்.

"வாசிச்சதாலதான் கேக்கிறன்."

"அவன் காஸ் பைப் மாத்துறானோ எண்டு கேளுங்கோ. பழசு ஒடுக்கம். புதுப் பொயிலருக்குக் காணாது."

"உம்மட பைப்பையும் நீரும்! எங்கட ஆள் எண்டு நினைச்சன் தம்பி. நீர் ரெண்டேமுக்காலின்ர ஆள்."

பகிடியாகத்தான் சொன்னேன். அவருக்கு என் பகிடி தெரியும், இருபது வருடப் பழக்கம்.

"சரி அக்கா. வையுங்கோ" என்றார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கேதீஸ் குடும்பம் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் வருவார்கள். குளிர் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 20, திங்கள்

டெரனின் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். தமிழில்தான் போட்டேன். வடிவாக இருக்கிறது என்று ஒருவன் படம் எடுத்தான்.

ஜனவரி 21, செவ்வாய்

பழைய பொயிலரைக் கழற்றி முற்றத்தில் போட்டுவிட்டார்கள். சுவரில் ஓட்டை. அதன் பிறகுதான் சொல்லுகிறார்கள், காஸ் பைப் ஒடுக்கமாம், மாற்றாவிட்டால் பூட்ட முடியாதாம். 640 கூட. ரேடியேட்டருக்குள் ஊத்தையாம், கழுவினால்தான் உத்தரவாதமாம். 380. ஊத்தை பிடிக்கிற வடி ஒன்று போட வேண்டுமாம். 190. இதெல்லாம் விலைக்குள் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்ட தாளில் சின்ன எழுத்தில் இருக்கிறதாம். டெரனுக்கு அடித்தால் டெரன் லீவாம்.

சுவரில் ஓட்டையை வைத்துக்கொண்டு யாரோடு பேரம் பேசுவது? மூஞ்சையை நீட்டிப் பார்த்தேன். அவர்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள்.

எல்லாமாக 3,160. சின்ன அறை ரேடியேட்டர் அவர்கள் கணக்கில் இல்லை, அது அப்படியே கிடக்கிறது. இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. டயரிக்கு மட்டும்.

ஜனவரி 24, வெள்ளி

கோயிலில் பவளக்கா கேட்டா, என்ன விலை முடிந்தது என்று. 1,950 என்றேன். பொய் இல்லை, கையெழுத்துப் போட்ட தாளில் அதுதான் இருக்கிறது. "அப்ப கேதீஸ் எங்கள எல்லாரையும் எவ்வளவு காலம் உரிச்சிருக்கிறான்!" என்றா. நான் வெண்டிக்காய் வெட்டினேன்.

பெப்ரவரி 12, புதன்

பேத்தி! ஏழரை இறாத்தல். மூக்கு அவருடையது. வாய் என்னுடையது. பாவம்.

பெப்ரவரி 16, ஞாயிறு

துஷாவும் குழந்தையும் வந்துவிட்டார்கள். சின்ன அறையில் கேதீஸின் கரண்ட் ஹீற்றரை வைத்தேன். துஷா அதைக் கண்டு, "கேதீஸ் மாமாதானே பொயிலர் போட்டது?" என்றாள். "வேற ஒரு ஆள், மலிவா" என்றேன். அவள் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள், நல்ல வேளை, குழந்தை அழுதது.

பெப்ரவரி 22, சனி

விடிய எழும்பினால் முற்றம் எல்லாம் வெள்ளைப் பனி. குழந்தைக்கு வார்க்கத் தண்ணி திறந்தால் பச்சைத் தண்ணி. பொயிலரில் சிவப்பு விளக்கு மினுங்குகிறது. புத்தம் புதிய பொயிலர், ஒரு மாதம்தான் ஆகிறது. டெரனின் கொம்பனிக்கு அடித்தோம். திங்கட்கிழமை ஆள் அனுப்புகிறார்களாம்.

"கேதீஸ் மாமாவுக்கு அடியுங்கோ அம்மா."

"அவருக்கு வேலை இருக்கும்."

"பிள்ளை விறைக்குது, நீங்கள் என்ன கதை கதைக்கிறியள்?" என்று அவளே அடித்தாள்.

இருபது நிமிடத்தில் வந்துவிட்டார். எனக்கு "வணக்கம் அக்கா" என்றார். அதுவரைக்கும் எனக்கு ஒரு நாளும் வணக்கம் சொன்னதில்லை. பின்பக்கம் போய், சுவருக்கு வெளியே ஓடுகிற மெல்லிய பைப்பைத் தொட்டுப் பார்த்தார். பொயிலர் கக்குகிற தண்ணி அதற்குள்ளால்தான் போகிறதாம். ஐஸ் கட்டி அடைத்துவிட்டது. கேத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணி வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பிறகு வான் வண்டியில் இருந்து பஞ்சுக் குழாய் எடுத்து வந்து பைப்புக்குச் சட்டை போட்ட மாதிரிச் சுற்றிவிட்டார். பத்து நிமிடத்தில் ரேடியேட்டர் கதகதத்தது.

துஷா கேட்டாள், "ஏன் மாமா நீங்கள் இதைச் செய்யேல்ல?"

நான் கேத்தலைத் திரும்பவும் நிரப்பினேன்.

"அம்மாவுக்கு மலிவா ஒண்டு கிடைச்சுது பிள்ளை. நல்லதுதானே" என்றார். குழந்தையின் காலை ஒரு விரலால் தொட்டார். "அருள் அண்ணை மாதிரியே இருக்கிறா."

"தம்பி, புட்டு அவிக்கிறன், இரும்" என்றேன்.

"வேலை இருக்கு அக்கா."

இருபது வருடத்தில் அவர் என் புட்டை வேண்டாம் என்றது இதுதான் முதல் தரம்.

பெப்ரவரி 23, ஞாயிறு

பொயிலரின் உத்தரவாதப் புத்தகத்தைத் தேடுகிறேன் என்று துஷா குசினியைக் கிளறினாள். மிளகாய்த்தூள் டின்னுக்குக் கீழே இருந்த தாள் அவள் கையில் அகப்பட்டது. நின்றபடியே வாசித்தாள். முகம் மாறியது.

"அம்மா, இதை நீங்கள் வாசிச்சனீங்களோ?"

"கண்ணாடி இல்லை அண்டைக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு அதில் இருந்தாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி ஒவ்வொரு வரியாக விரலை வைத்துத் தமிழில் சொன்னாள். பத்து வருட உத்தரவாதத்தோடு பொயிலர். காஸ் பைப் மாற்ற. ரேடியேட்டர் கழுவ, வடி போட. தண்ணி போகிற பைப்பை வீட்டுக்கு உள்ளால் கொண்டு போக, குளிருக்கு உறையாமல். சின்ன அறைக்குப் புது ரேடியேட்டர், குழந்தை படுக்கப் போகிற அறை என்றபடியால். கூட வேலை செய்கிற ஆளுக்கு இரண்டு நாள் சம்பளம்.

மொத்தத்துக்கு மேலிருந்த கடைசி வரியில் விரலை வைத்தபடி நிறுத்தினாள்.

"என்னடி?"

"'என்ர வேலை: சைபர். அருள் அண்ணை வீடு.' இப்பிடி எழுதியிருக்கு அம்மா."

அடுப்பில் கறி அடிப்பிடித்து மணத்தது. இரண்டு பேரும் எழும்பவில்லை.

கேதீஸ் அன்றைக்கு ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று இப்போது விளங்குகிறது. "வாசிச்சிட்டன், முழுக்க" என்று சொன்னேன். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. இதை எழுதவே இவ்வளவு நாள் எடுத்திருக்கிறது. தெரியாது என்று ஒரு சொல்லு சொல்லியிருந்தால் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டியிருப்பார். சைபரில் இருந்து எவ்வளவு குறைப்பீர் என்று கேட்டிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

புட்டும் மீன் குழம்பும் கட்டிக்கொண்டு கேதீஸ் வீட்டுக்குப் போனேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். பெண்சாதி வதனி கதவு திறந்தாள். "வாங்கோ அக்கா, இருங்கோ அக்கா." தேத்தண்ணி தந்தாள், பலகாரம் தந்தாள். ஒரு குறையும் இல்லை. முந்தி என்றால் நான் நேரே குசினிக்குள் போய்ச் சட்டி திறந்து பார்ப்பேன். இன்றைக்கு முன் அறைக் கதிரையில் விருந்தாளி மாதிரி இருந்தேன்.

"எனக்கு அந்தத் தாள் விளங்கேல்ல வதனி. வாசிக்கத் தெரியாது. அதுதான்..." என்றேன்.

அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "அது தெரிஞ்சிருந்தா இவர் வந்து சொல்லித் தந்திருப்பார். அதை விடுங்கோ. ஆனா அந்தப் பேர் வைச்சியள் பாருங்கோ. மூண்டு வீட்டு வேலை கைவிட்டுப் போச்சு. விலை சொல்ல வாயெடுத்தா, ரெண்டேமுக்காலோ எண்டு கேட்டுச் சிரிக்கினமாம். மனுசன் இப்ப கோயிலுக்கும் போறதில்லை."

அழவேண்டிய நேரத்தில் என் வாய் தன் பாட்டுக்கு, "அப்ப கோயில் குழாய் இன்னும் ஒழுகுதெண்டு சொல்லு" என்றது. நானே என் காதால் கேட்டேன். வதனி சிரிக்கவில்லை.

புட்டை வாங்கி மேசையில் வைத்தாள். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவித் துடைத்து உடனேயே திருப்பித் தந்தாள். முந்தி எல்லாம் எங்கள் வீட்டுப் பெட்டி அங்கே மாதக்கணக்கில் கிடக்கும்.

மார்ச் 14, வெள்ளி

கோயிலில் மரக்கறி வெட்டும்போது உள்ளதைச் சொன்னேன். 3,160 என்றேன். கேதீஸ் கூலி எழுதவில்லை என்றேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்றும் சொன்னேன்.

பவளக்கா, "நீ எப்பவும் பகிடிதான்டி" என்று சிரித்தா. மற்றவர்களும் சிரித்தார்கள். பகிடி இல்லை என்று நான் இரண்டு தரம் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்.

ஏப்ரல் 28, திங்கள்

இங்கிலீசு வகுப்பு. அதே டீச்சர். நான் வாயே திறக்கவில்லை. சுகமில்லையோ என்று கேட்டா.

ஒக்டோபர் 3, வெள்ளி

பொயிலர் துப்புரவாக்கிற மாதம். புதன்கிழமையே கேதீசுக்கு அடித்தேன். "தாராளமா அக்கா, வெள்ளி பத்து மணி" என்றார். சொன்ன நேரத்துக்கு வந்தார். காலணிக்கு நீலப் பை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார், வெளி ஆட்களின் வீட்டுக்குப் போவது மாதிரி.

வேலையை வழக்கம் போல வடிவாகச் செய்தார். நான் புட்டு அவித்து, அவருக்குப் பிடித்த பாரை மீன் குழம்பு வைத்து, மேசையில் தட்டும் போட்டு வைத்திருந்தேன். ஏணிப் பகிடி வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"தம்பி, எனக்கு அந்த நேரம் வாசிக்கத் தெரியாது. மன்னிச்சுக் கொள்ளும்."

கையைத் துடைத்துக்கொண்டே, "வதனி சொன்னவ. அதுக்கு என்ன அக்கா, விடுங்கோ" என்றார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நல்லது.

"சாப்பிட்டிட்டுப் போம்."

"அடுத்த வீடு பதினொண்டரைக்கு அக்கா. இதைப் பாருங்கோ."

ஒரு தாள் நீட்டினார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தாளில் இருந்த தொகையைப் பேர்ஸில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்து, நன்றி சொல்லி, நீலப் பையைக் கழற்றிக்கொண்டு போனார்.

எண்பத்தைந்து பவுண். வெளியில் நூறு எடுக்கிறார்கள். நியாயமான விலை.

வான் சத்தம் போன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் இருந்தேன். தாளில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, நானே வாசித்தேன். திகதி. என் பெயர். பொயிலர் சேர்விஸ். அதற்குக் கீழே: வேலை, 85.

'அருள் அண்ணை வீடு' என்று எங்கேயாவது இருக்கிறதோ என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.